லாரி வரிக்கு பரிவாகன்: ஆர்.சி. சுத்தமாக இருந்தால் பத்து நிமிஷ வேலை

கடலூர் சிப்காட்டுக்கும் நெய்வேலிக்கும் ஓடும் டி.என். 31 லாரிகளுக்கு வரி வருஷத்துக்கு ஒரு தடவை அல்ல, நாலு தடவை. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஒன்றாம் தேதிகளில் காலாண்டு தொடங்கும். கட்ட 45 நாள் அவகாசம். அதாவது பிப்ரவரி 14, மே 15, ஆகஸ்ட் 14, நவம்பர் 14. இந்தத் தேதிகளைக் கேபினில் எழுதி ஒட்டிவிடுவது நல்லது. கடைசி இரண்டு நாளில், வரி கட்டும் அரசு இணையதளமான பரிவாகன் தள்ளாடும். அவகாசம் தாண்டினால் அபராதம் தானாகவே கணக்கில் ஏறிவிடும்.

பரிவாகனின் 'வாகன்' பக்கத்தில் வண்டி எண்ணைப் போட்டு, வரி செலுத்தும் சேவையைத் தேர்ந்தெடுத்து, சேசிஸ் எண்ணின் கடைசி 5 எழுத்துகளைக் கொடுத்தால், பதிவில் இருக்கும் மொபைலுக்கு ஓ.டி.பி. வரும். அதைப் போட்டதும் தொகை வந்து நிற்கும். வரியை நாம் கணக்குப் போட வேண்டியதில்லை. இதுவரைக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சிக்கல் அந்த ஓ.டி.பி.யில்தான். செகண்ட்ஹேண்டில் வாங்கிப் பெயர் மாற்றாமல் ஓட்டும் வண்டிக்கு ஓ.டி.பி. பழைய ஓனருக்குப் போகும். சிலருக்கு, என்றோ எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுத்துக் கொடுத்த புரோக்கரின் நம்பரே பதிவில் இருக்கும்! மொபைல் எண்ணை மாற்ற அதே தளத்தில் வசதி உண்டு; ஆனால் சேசிஸ் எண், இன்ஜின் எண், பதிவுத் தேதி எல்லாம் ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) உள்ளபடி ஓர் எழுத்து பிசகாமல் பொருந்த வேண்டும். பழைய ஆர்.சி. புத்தகத்திலிருந்து கம்ப்யூட்டரில் ஏற்றும்போது பூஜ்யம் 'ஓ' ஆகியிருந்தால் தளம் ஏற்காது. அதைத் திருத்த ஆர்.டி.ஓ. ஆபீஸில் மனு கொடுப்பதுதான் வழி. இதைக் கடைசி வாரத்தில் கண்டுபிடிப்பவர்கள்தான் அபராதம் கட்டுகிறார்கள்.

தொகை எதிர்பார்த்ததைவிட அதிகமாகத் தெரிந்தால் முதலில் ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையைப் பாருங்கள். வரி அதை வைத்துத்தான். ஏற்றும் லோடை வைத்து அல்ல. 2018இல் ஆக்ஸில் எடை வரம்பு கூடியதை நம்பி ஆர்.சி.யில் எடையை உயர்த்திக்கொண்ட வண்டிகளுக்கு வரியும் சேர்ந்தே உயரும். ஏழு வருஷம் தாண்டிய வண்டிக்குப் பசுமை வரி தனி.

அடுத்தது, பேங்கில் பணம் போய் ரசீது வராத கதை. உடனே மறுபடி கட்டாதீர்கள். இரண்டாவது தடவை போன பணத்தைத் திரும்ப வாங்குவதற்குள் அடுத்த காலாண்டே வந்துவிடும். அதே தளத்தில் நிலுவைப் பரிவர்த்தனையைச் சரிபார்க்கும் இடம் இருக்கிறது. பேங்க் பணம் போய்ச் சேர்ந்ததென்று உறுதி சொன்னதும் ரசீதை அங்கேயே எடுக்கலாம். ரசீது வந்த பிறகும், வரி எந்தத் தேதி வரை செல்லும் என்று எம்பரிவாகன் செயலியில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ரோட்டில் பிரேக் இன்ஸ்பெக்டர் பார்ப்பது அந்தத் தேதியைத்தான்.

நேஷனல் பெர்மிட் வைத்திருப்பவர்கள் அடிக்கடி செய்யும் தவறு ஒன்று உண்டு. வருஷத்துக்கு 16,500 ரூபாய் கட்டினால் சொந்த மாநில வரி தீர்ந்தது என்று நினைப்பது. அது வெளிமாநிலங்களில் ஓட்டக் கட்டும் கூட்டுக் கட்டணம். காலாண்டு வரி தனியாக ஓடும். பெர்மிட் 5 வருஷத்துக்கு, அதன் அங்கீகாரம் ஒரு வருஷத்துக்கு. வரி, பெர்மிட், அங்கீகாரம் மூன்றுக்கும் மூன்று வேறு தேதிகள். ரெட்டிச்சாவடி தாண்டினால் புதுச்சேரி எல்லை என்பதால் கடலூர்க்காரர்களுக்கு இந்தக் குழப்பம் கூடுதல். பி.ஒய். 01 வண்டியின் வரி புதுச்சேரி சட்டப்படி; பக்கத்து வீட்டு டி.என். வண்டியின் தொகையோடு ஒப்பிட்டுச் சண்டை போட்டுப் பயனில்லை.

இன்ஜின் இறக்கி மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கப்போகும் வண்டிக்கு, காலாண்டு தொடங்கும் முன்பே ஆர்.டி.ஓ.வுக்கு ஸ்டாப்பேஜ் (வண்டி ஓடாது என்ற அறிவிப்பு) எழுத்தில் கொடுக்க வேண்டும். பிறகு போய் 'ஓடவே இல்லை சார்' என்றால் எடுபடாது.

பிரவுசிங் சென்டரில் கட்டச் சொன்னாலும் தப்பில்லை. மொபைல் எண் உங்களுடையதாக இருக்கட்டும், முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். பரிவாகன் பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் சேலான் செயலி பணம் பறிக்கும் வேலை, தொடவே வேண்டாம்.

பரிவாகனுக்கு ஐந்துக்கு மூன்றரை மார்க் தரலாம். ஒன்றரை மார்க் குறைத்தது முழுக்க அந்த ஓ.டி.பி.க்காக.