பியானோ இல்லாத இடத்தில் சன்னி ராலின்ஸ்

ஜாஸ் கேட்கத் தொடங்குகிறவர் அமெரிக்க டெனர் சாக்ஸபோன் கலைஞர் சன்னி ராலின்ஸைப் பற்றி விசாரித்தால், எல்லோரும் 'சாக்ஸபோன் கொலாசஸ்' இசைத்தட்டைத்தான் கையில் கொடுப்பார்கள். விமர்சகர்கள் பல பத்தாண்டுகளாகக் கட்டிக்காத்துவரும் வரிசை அது. அந்த வரிசையை மாற்ற வேண்டும் என்பது என் கட்சி. முதலில் கேட்க வேண்டியது 'எ நைட் அட் தி வில்லேஜ் வேங்கார்ட்'. 1957 நவம்பர் 3ஆம் தேதி, நியூயார்க்கில் தரைக்குக் கீழே இருக்கும் ஒரு சிறிய மன்றத்தில் ஆட்கள் முன்னிலையில் பதிவானது. பியானோ கிடையாது, கிட்டார் கிடையாது. டெனர் சாக்ஸபோன், டபுள் பேஸ், டிரம்ஸ் மட்டும்.

நான் புளியந்தோப்பில் பேண்டு செட்டில் ஆல்டோ சாக்ஸ் வாசிக்கிறேன். கல்யாண ஊர்வலம், மாதா கோயில் தேர், இறுதி ஊர்வலம் என்று பெரம்பூர் பேரக்ஸ் ரோட்டிலும் வியாசர்பாடித் தெருக்களிலும் வாசித்துப் பழகிய உதடு. அதனால் இதை ஒரு வாத்தியக்காரனின் மதிப்புரையாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பதிவைக் கேட்கும்போது என் காது முதலில் போவது மூச்சு எங்கே எடுக்கப்படுகிறது என்பதற்குத்தான்.

'கொலாசஸ்' பதிவைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. 1956 ஜூன் 22 அன்று, நியூஜெர்சியின் ஹேக்கன்சாக் ஊரில் ருடி வான் கெல்டர் பதிவு செய்தார். தன் பெற்றோர் வீட்டு முன்னறையையே அவர் ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றி வைத்திருந்த காலம் அது. ராலின்ஸுக்கு அப்போது 25 வயது. பியானோவில் டாமி ஃபிளானகன், பேஸில் டக் வாட்கின்ஸ், டிரம்ஸில் மேக்ஸ் ரோச். ஐந்தே பாடல்கள், ஏறக்குறைய 40 நிமிடங்கள். முதல் பாடல் 'செயின்ட் தாமஸ்', கரீபியத் தீவுகளின் மெட்டு. ராலின்ஸின் தாயார் வர்ஜின் தீவுகளைச் சேர்ந்தவர். சிறு வயதிலேயே வீட்டில் காதில் விழுந்த மெட்டை மகன் உலகத்துக்குக் கொடுத்துவிட்டார். ரோச் அதற்கு வாசிக்கும் தாளத்தைக் கேட்டால் எங்கள் பக்கத்துப் பையன்கள் கால் தானாக ஆடும். ஜாஸ் என்றால் புரியாத இசை என்று நினைக்கிறவர்களுக்கு இந்த ஒரு பாடல் போதும்.

அந்தப் பதிவு முடிந்து நான்காம் நாள், ஜூன் 26 அன்று, ராலின்ஸும் ரோச்சும் வாசித்துவந்த குழுவின் ட்ரம்பெட் கலைஞர் கிளிஃபோர்டு பிரவுனும் பியானோக் கலைஞர் ரிச்சி பவலும் கார் விபத்தில் இறந்துபோனார்கள். இது தெரிந்த பிறகு 'செயின்ட் தாமஸ்' பாடலின் மகிழ்ச்சியைக் கேட்கவே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

விமர்சகர்கள் கொண்டாடியது இந்த இசைத்தட்டின் கடைசிப் பாடலை. 'புளூ செவன்', பதினோரு நிமிடத்துக்கு மேல் நீளும் ஒரு புளூஸ், அதாவது பன்னிரண்டு தாள அளவில் திரும்பத் திரும்பச் சுழலும் கறுப்பின மக்களின் இசை வடிவம். வாட்கின்ஸின் பேஸ் தனியாக நடந்து வருகிறது. அதன்மேல் ராலின்ஸ் எந்தச் சுருதியில் நிற்கிறார் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாத ஒரு சின்ன வரியை வைக்கிறார். 1958 நவம்பரில், 'தி ஜாஸ் ரிவ்யூ' இதழின் முதல் எண்ணில், குந்தர் ஷுல்லர் இந்த ஒரு பாடலை மையமாக வைத்து நீண்ட கட்டுரை எழுதினார். ஷுல்லரும் வாத்தியக்காரர்தான், மெட்ரோபாலிட்டன் ஆப்பராவில் ஃப்ரெஞ்ச் ஹார்ன் வாசித்தவர், இசையமைப்பாளர். அவர் வாதம் இது: பெரும்பாலான ஜாஸ் கலைஞர்கள் கற்பனையாக வாசிக்கும்போது அழகான துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குகிறார்கள், துண்டுக்கும் துண்டுக்கும் உறவு இருப்பதில்லை. ராலின்ஸோ முதலில் வைத்த வரியிலிருந்தே எல்லாவற்றையும் வளர்க்கிறார், முழுப் பாடலும் ஒரே கருவிலிருந்து பிறக்கிறது. சுரக்குறிப்புகளோடு வரிவரியாகக் காட்டியிருந்தார். ரோச்சின் டிரம்ஸ் தனி வாசிப்பும் அதே வகையில் ஒரு கருவைப் பிடித்துக் கட்டப்பட்டது என்றும் எழுதினார்.

ஷுல்லர் சொன்னது உண்மை, கேட்கிற எவர் காதுக்கும் தெரியும். ஜாஸ் விமர்சனம் அதுவரை பெரும்பாலும் பிடித்திருக்கிறது, பிடிக்கவில்லை என்ற அளவிலேயே நின்றிருந்ததால், இத்தனை நுணுக்கமான அலசல் அந்த உலகத்தையே ஒரு குலுக்குக் குலுக்கியது. ஒரு கறுப்பினக் கலைஞரின் கற்பனை வாசிப்பைச் சாஸ்திரிய இசைக்குரிய கவனத்தோடு எடுத்து ஆராய்ந்ததற்காக ஷுல்லரை நான் மதிக்கிறேன்.

ஆனால் நாகசுரம் கேட்டு வளர்ந்த ஊர்க்காரனுக்கு அந்த வியப்பு அப்படியே வராது. ஒரு வரியை எடுத்துக்கொண்டு நிரவல் செய்வது நமக்குப் பரம்பரைச் சொத்து. பல்லவியின் ஒற்றை அடியை மணிக்கணக்கில் புரட்டிப் புரட்டி வாசித்த வித்வான்கள் வாழ்ந்த மண் இது. எனவே ராலின்ஸ் ஒரு கருவை வளர்க்கிறார் என்பது எனக்கு நுழைவாயில்தான். உள்ளே போனால் வேறொன்று இருக்கிறது. அவர் வாசிக்காமல் விடும் இடங்கள்.

'புளூ செவன்' பாடலையே மறுபடி கேளுங்கள். ராலின்ஸ் ஒரு சொற்றொடரை வாசித்து நிறுத்துகிறார். அந்த இடைவெளியில் ஃபிளானகனின் பியானோ மெல்லிய சுரக்கூட்டு ஒன்றை வைக்கிறது. நாகரிகமான, அழகான கைதான். ஆனால் அந்த இடைவெளி மூடப்பட்டுவிடுகிறது. இந்தப் பாடலில் பல இடங்களில் பியானோ ஒதுங்கி நிற்பதை ஷுல்லரின் வாசகர்கள் கவனித்திருப்பார்கள். எனக்கு உயிர் துடிப்பது அந்த இடங்களில்தான். 1957இலேயே ராலின்ஸ் சில பதிவுகளில் பியானோவை முழுவதுமாக விலக்கிவிட்டார். விமர்சனக் கட்டுரைகள் அவரைக் கட்டடக் கலைஞராகப் புகழ்ந்துகொண்டிருந்தபோது, அவர் கட்டடத்தின் சுவர்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார்.

வேங்கார்டு பதிவுக்கு வருகிறேன். அன்று பிற்பகலில் ஒரு குழு, மாலையில் இன்னொரு குழு. பிற்பகலில் பேஸுக்கு டொனால்ட் பெய்லி, டிரம்ஸுக்குப் பீட் லா ரோக்கா. மாலையில் வில்பர் வேர், எல்வின் ஜோன்ஸ். எல்வின் அப்போது இன்னொரு பெரிய சாக்ஸபோன் கலைஞரான ஜான் கோல்ட்ரேனின் குழுவில் சேரவில்லை, அது 1960இல்தான். வேங்கார்டு மன்றத்தில் நேரடியாகப் பதிவான முதல் இசைத்தட்டு இது என்பதால் வரலாற்று மதிப்பும் உண்டு. பதிவு செய்தவர் அதே வான் கெல்டர்தான், வெளியிட்டது புளூ நோட் நிறுவனம்.

'சன்னிமூன் ஃபார் டூ' என்ற பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். மெட்டு என்று பார்த்தால் மேலிருந்து கீழே இறங்கும் ஒரு சிறு வரி, அதையே மூன்று முறை சொன்னால் பன்னிரண்டு தாள அளவு புளூஸ் முடிந்தது. எங்கள் செட்டில் புதிதாகச் சேரும் பையன்கூட ஒரே பிற்பகலில் படித்துவிடுவான். அதை வைத்துக்கொண்டு ராலின்ஸ் என்ன செய்கிறார் என்றால், வரியின் முதல் பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறார். மீதிப் பாதி கேட்பவன் மனதில் ஓடுகிறது. அந்த நேரத்தில் எல்வின் இடது கையால் ஸ்னேர் டிரம்மில் ஓர் உருட்டு உருட்டுகிறார், ராலின்ஸ் அந்த உருட்டின் வாலைப் பிடித்து அடுத்த வரியைத் தொடங்குகிறார். நாகசுரத்துக்கும் தவிலுக்கும் நடக்கிற பேச்சு இதே பேச்சுதான். அங்கே ஒத்து சுருதியைத் தாங்கி நிற்கிறது. இங்கே வில்பர் வேரின் பேஸ் அந்த வேலையைச் செய்கிறது, அதுவும் ஒரே சுரத்தில் நிற்காமல், தேவையானதற்குக் குறைவான சுரங்களை வைத்து. வேர் எத்தனை சிக்கனமாக வாசிக்கிறார் என்பதை நல்ல ஸ்பீக்கரில் கேட்டால்தான் தெரியும்.

தெருவில் வாசிக்கிறவர்களுக்கு இது உடம்பில் தெரிந்த விஷயம். ஊர்வலத்தில் கிளாரினெட்காரர் மூச்சு வாங்க நின்றுவிட்டால் சாக்ஸுக்குத் துணை சைட் டிரம்மும் பெரிய டிரம்மும் மட்டுமே. மேலே நீ ஒருவன், கீழே தாளம், நடுவில் வெற்றிடம். அந்த வெற்றிடத்துக்குப் பயந்தால் சுரங்களை அள்ளிக் கொட்டத் தோன்றும். ராலின்ஸுக்குப் பயம் இல்லை. வேங்கார்டில் அவர் தொனி தடித்து, கரகரத்து, சில இடங்களில் வேண்டுமென்றே அசிங்கமாகவும் ஒலிக்கிறது. ஐம்பதுகளில் அவர் வாசிப்பைக் கரடுமுரடானது என்று குறை சொன்ன விமர்சகர்கள் உண்டு. பியானோ இல்லாத இடத்தில் ஒரு மனிதன் அறையை நிரப்ப வேண்டுமானால் அந்தக் கரகரப்பு வேண்டும். வாயில் அதிரும் நாணல் தகடான ரீடை அவர் எப்படிக் கடிக்கிறார், எங்கே தளர்த்துகிறார் என்பதெல்லாம் இந்தப் பதிவில் துல்லியமாகக் கேட்கிறது.

அதே ஆண்டு மார்ச் 7 அன்று லாஸ் ஏஞ்சலஸில் பதிவான 'வே அவுட் வெஸ்ட்' இதற்கு மூத்தது. ரே பிரவுன் பேஸ், ஷெல்லி மான் டிரம்ஸ். மூவருக்கும் வேறு வேலைகள் இருந்ததால் அதிகாலை மூன்று மணிக்குப் பதிவைத் தொடங்கினார்கள். கௌபாய் பாட்டுகள், குதிரைக் குளம்பொலி போன்ற தாளம், அட்டைப்படத்தில் பாலைவனத்தில் பெரிய தொப்பியோடு ராலின்ஸ். இனிமையான பதிவு, வேங்கார்டின் ஆபத்து இதில் இல்லை. ஒரு நடைமுறைக் குறிப்பு: ஸ்டீரியோவில் சாக்ஸ் ஒரு பக்கமும் மற்ற இருவரும் மறுபக்கமுமாகப் பிரித்திருக்கிறார்கள். ஒற்றைக் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு மின்சார ரயிலில் கேட்டால் பாதிக் குழுவைத் தவறவிடுவீர்கள்.

'ஃப்ரீடம் சூட்' 1958இல் பதிவானது. ஆஸ்கார் பெட்டிஃபோர்டு, மேக்ஸ் ரோச் இருவரும் உடன். ஒரு பக்கம் முழுவதும், 19 நிமிடங்களுக்கு மேல், ஒரே படைப்பு. அட்டையில் ராலின்ஸ் தன் பெயரில் சில வரிகள் எழுதினார்: அமெரிக்காவின் பேச்சு, நகைச்சுவை, இசை எல்லாம் கறுப்பின மக்களிடமிருந்து வேர் பிடித்தவை, அந்தப் பண்பாட்டைத் தம்முடையது என்று உரிமை கொண்டாடத் தகுதியானவர்களே ஒடுக்கப்படுகிறார்கள் என்பது அதன் சாரம். அது அப்போது சங்கடத்தை உண்டாக்கியது. பிற்பாடு இதே பதிவு, மறுபக்கத்துப் பாடலொன்றின் பெயரால், 'ஷேடோ வால்ட்ஸ்' என்று மறுபடி வெளிவந்தது. வீட்டு விசேஷத்துக்கு எங்களை அழைப்பார்கள். வாசித்து முடித்ததும் வாசலுக்கு வெளியே உட்காரச் சொல்லும் வீடுகளை நான் அறிவேன். அந்த அட்டை வரிகளை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இந்த இசையைப் பற்றி எழுதிய பலர் அதன் வடிவத்தை அலசிவிட்டு, அது எதற்காக வாசிக்கப்பட்டது என்பதை ஓரிரு வாக்கியங்களில் கடந்துபோவது எனக்கு உறுத்துகிறது.

ஷுல்லரின் கட்டுரையைப் படித்த ராலின்ஸ், தான் இப்படியெல்லாம் யோசித்து வாசிக்கவில்லை, வாசித்தேன் அவ்வளவுதான் என்ற பொருளில் பேசியிருக்கிறார். 1959இல் மேடையை விட்டே விலகி, நியூயார்க்கின் வில்லியம்ஸ்பர்க் பாலத்தில் தனியாகச் சாதகம் செய்தார். 1961 இறுதியில் திரும்பி வந்து, 1962இல் கிட்டார் கலைஞர் ஜிம் ஹாலோடு 'தி பிரிட்ஜ்' பதிவைக் கொடுத்தபோது, புரட்சியை எதிர்பார்த்திருந்த விமர்சகர்கள் சிலர் பழைய ராலின்ஸே வந்திருக்கிறார் என்று ஏமாற்றமடைந்தனர். எனக்கு அதுவும் பிடித்த பதிவுதான், வேறொரு நாள் அதைப் பற்றி விரிவாகப் பேச வேண்டும். அறுபதுகளின் இறுதியில் அவர் நம் நாட்டுக்கும் வந்து, பம்பாய் பவாயில் இருக்கும் சின்மயானந்தரின் ஆசிரமத்தில் தங்கியிருந்தார் என்பது நம் பக்கத்தில் பலர் அறியாத செய்தி.

வாங்க நினைப்பவர்களுக்கு: வேங்கார்டின் பழைய எல்பி வடிவத்தில் ஆறு பாடல்கள்தான் இருக்கும். 1999இல் வந்த இரட்டை சிடி தொகுப்பில் பிற்பகல், மாலை இரண்டும் விரிவாக உள்ளன, அதைத் தேடுங்கள். இறக்குமதி எல்பிக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கும். சென்ட்ரல் பக்கம் மூர் மார்க்கெட்டில் பழைய இசைத்தட்டுகளைப் புரட்டினால் ஜாஸ் எப்போதாவது தட்டுப்படும், ராலின்ஸ் கிடைப்பது அபூர்வம். 'கொலாசஸ்' வாங்குவதென்றால் பழைய மோனோ ஒலியிலேயே கேளுங்கள். வேங்கார்டில் முதலில் 'சன்னிமூன்', பிறகு பிற்பகல் குழு வாசித்த 'எ நைட் இன் துனீசியா'. லா ரோக்கா தாளத்தை நேராகக் கொண்டு போகிறார், எல்வின் அதை வளைத்துச் சுற்றுகிறார்; ஆளுக்கு ஏற்றபடி ராலின்ஸின் மூச்சும் மாறுவதைக் கேட்கலாம்.