செங்கல் மதிலுக்கு எமல்ஷனா, சுண்ணாம்பா?

பூசாத செங்கல் மதிலுக்கு வண்ணம் அடிக்கப் போகிறேன் என்றதும் கடைக்காரர், பெயிண்டர், மைத்துனர் மூவரும் ஒரே குரலில் சொன்னது எக்ஸ்டீரியர் எமல்ஷன். நான் அடித்தது கிளிஞ்சல் சுண்ணாம்பு. எனவே இதை நடுநிலைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எமல்ஷனுக்கு உரிய பெருமையை முதலிலேயே கொடுத்துவிடலாம். கேட்ட நிறம் கிடைக்கும், மழையில் கரையாது, சாய்ந்து நின்றால் சட்டையில் ஒட்டாது. சுண்ணாம்பில் வெள்ளை, காவி, மஞ்சள், நீலம் போட்ட வெள்ளை என்று அதோடு சரி. விலையில் சுண்ணாம்பு மலிவு. ஆனால் கூலியைச் சேர்த்தால் வித்தியாசம் சுருங்கிவிடும். அதைத் தூக்கிப் பேச ஒன்றுமில்லை.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது ஒரே கேள்வி: அடுத்த முறை அடிக்கும்போது சுவரை என்ன செய்ய வேண்டியிருக்கும்?

எங்கள் மதில் காவிரிப் படுகையில், வயலை ஒட்டி நிற்கிறது. அடித்தளத்தில் ஓதம், அதாவது தரையிலிருந்து சுவரில் ஏறும் ஈரம், தடுக்கும் அடுக்கு கிடையாது. செங்கல் நன்றாகத் தண்ணீர் குடிக்கும் பொருள். சாதாரணக் கட்டடச் செங்கல் 24 மணி நேரம் நீரில் கிடந்தால் தன் எடையில் 20 சதவீதம் வரை நீரை உறிஞ்சலாம் என்று செங்கல்லுக்கான இந்தியத் தரவிதியான ஐ.எஸ். 1077-ஏ அனுமதிக்கிறது. மூன்று கிலோ செங்கல் என்றால் அரை லிட்டருக்கு மேல். ஐப்பசி, கார்த்திகையில் ஏறிய அந்த நீர் தையிலும் மாசியிலும் வெளியே வந்தாக வேண்டும். வரும்போது மண்ணிலும் செங்கல்லிலும் சிமெண்டிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வரும். நீர் ஆவியாகும் இடத்தில் உப்பு பூக்கும்.

எமல்ஷன் காய்ந்தால் ஒரு படலம். உள்ளிருந்து வரும் ஈரம் அதைத் தாண்டத் திணறும். உப்பு படலத்துக்குப் பின்னால் படிகமாகித் தள்ளும். தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை பெயிண்ட் கொப்பளிப்பது இதனால்தான். கொப்புளத்தை நகத்தால் கீறினால் மாவு போல வெள்ளைத்தூள் கொட்டும், பின்னால் செங்கல் ஈரமாக இருக்கும். அதன்மேல் இன்னொரு பூச்சு நிற்காது. சுரண்டித்தான் ஆக வேண்டும். சிமெண்ட் பூசிய வழுவழுப்பான சுவரில் சுரண்டுவது ஒரு நாள் வேலை. செங்கல்லின் சொரசொரப்பிலும் மூட்டுகளின் பள்ளத்திலும் புகுந்த பெயிண்டை முழுக்க எடுக்க முடியாது. பெயிண்ட் நிறுவனத்தின் உத்தரவாதத்தை நம்பி வாங்குபவர்கள், ஓதம் ஏறும் சுவருக்கு அது செல்லுமா என்று உத்தரவாதச் சீட்டைப் படித்துவிட்டு வாங்குவது நல்லது.

சுண்ணாம்பு வேறு வகை. நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி மறுபடி சுண்ணாம்புக்கல்லாக இறுகுகிறது. நுண்துளைகள் அடைபடாததால் ஈரம் தன் போக்கில் போய்விடும். உப்பு பூத்தால் மேலாகப் பூக்கும். துடைப்பத்தால் தட்டிவிட்டு அதன்மேலேயே மீண்டும் அடிக்கலாம். சுரண்டல் இல்லை, பிரைமர் இல்லை. எமல்ஷனை விட அடிக்கடி அடிக்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு முறையும் காலையில் தொடங்கி மதியச் சாப்பாட்டுக்குள் முடிகிற வேலை அது.

சுவரைத் தயார் செய்வதில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடில்லை. உப்பைக் காய்ந்த கம்பி பிரஷால் தேய்த்து எடுக்க வேண்டும்; தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மீண்டும் உள்ளே போய்விடும். பாசிக்கு பிளீச்சிங் பவுடர் கரைசல். உதிர்ந்த மூட்டுகளைக் கொத்தி, புதிதாகக் கலவை வைத்து நிரப்ப வேண்டும். ஈரம் பார்க்க எளிய வழி உண்டு: ஒரு பாலிதீன் தாளின் நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரவு முழுவதும் விட்டால், மறுநாள் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருக்கிறதா என்று தெரியும். கோத்திருந்தால் எமல்ஷன் டப்பாவைத் திறக்கவே கூடாது. சுண்ணாம்புக்கோ, காய்ந்த சுவரையும் லேசாக நனைத்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும். மோர் போல நீர்க்கக் கரைத்து, வெயில் ஏறுமுன் மெல்லிய பூச்சுகளாக அடிப்பது முறை. அடிக்கும்போது செங்கல் நிறம் தெரிகிறதே என்று தடிமனாக அப்பினால் வெடித்து உதிரும். காயக் காயத்தான் வெண்மை கூடும். கண்ணாடி போடாமல் அடிக்கக் கூடாது, கண்ணில் தெறித்தால் புண்ணாக்கிவிடும்.

நிறமே மாறாமல் நீரை மட்டும் தடுக்கும் சிலேன்-சிலாக்சேன் திரவத்தை நான் அடித்ததில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு மாடிச் சுவரில் அழகாகவே நிற்கிறது. தரை ஈரம் எட்டாத உயரத்துக்கு அதைத் தயங்காமல் சொல்வேன். ஓதம் ஏறும் மதிலில் மட்டும் வேண்டாம்: உப்பு செங்கல்லின் தோலுக்கு உள்ளேயே படிந்து, பெயிண்டுக்குப் பதில் செங்கல்லின் முகமே செதில் செதிலாகக் கழன்றுவிடும்.

ஏற்கெனவே எமல்ஷன் அடித்த மதில் என்றால் அதன்மேல் சுண்ணாம்பு பிடிக்காது. பெயிண்டை எடுத்தே தீர வேண்டுமானால் பெயிண்ட் ரிமூவரும் கை பிரஷும் போதும். மணல் பீய்ச்சும் இயந்திரத்தை மட்டும் அண்டவிடாதீர்கள். சூளையில் வெந்து இறுகிய மேல்தோலை அது சேர்த்தே எடுத்துவிடும், அதன்பின் செங்கல் முன்னைவிடக் கூடுதலாகத் தண்ணீர் குடிக்கும்.