‘டச் ஆஃப் ஈவில்’: எந்தப் பதிப்பு, எந்த டிஸ்க், எந்த செட்டிங்

ஆர்சன் வெல்ஸின் இந்த 1958 படத்தை வாங்கும்போது 4கே-வா ப்ளூ-ரேயா என்பது அடுத்த கேள்விதான். முதலில் உள்ளே எந்தெந்தப் பதிப்பு இருக்கிறது என்று பாருங்கள். திரையரங்கில் ஓடியது சுமார் 96 நிமிடம். 1970களில் கண்டெடுத்த முன்காட்சிப் பதிப்பு (வெளியீட்டுக்கு முன் சோதனைக்காகப் போட்டுக் காட்டியது) சுமார் 109 நிமிடம். படத்தைத் தயாரித்த யுனிவர்சல் ஸ்டுடியோவுக்கு வெல்ஸ் எழுதிய 58 பக்கக் குறிப்பை வைத்து எடிட்டர் வால்டர் மர்ச் 1998இல் தொகுத்தது 111 நிமிடம். நீளமாக இருக்கிறதே என்று 109 நிமிடப் பதிப்பை இயக்குநருடையதாக எண்ணிவிட வேண்டாம். ஸ்டுடியோ ஹாரி கெல்லர் என்ற வேறு இயக்குநரை வைத்து எடுத்துச் சேர்த்த காட்சிகளும் அதில் உண்டு.

முதலில் 1998 பதிப்பையே போடுங்கள். வெட்டே இல்லாமல் மூன்று நிமிடத்துக்கு மேல் ஓடும் தொடக்க ஷாட்டில் வெடிகுண்டு வைத்த கார் நெருங்கும்போது அதன் ரேடியோ பாட்டு கூடுகிறது, விலகும்போது தேய்கிறது. கார் எங்கே இருக்கிறது என்பதைக் காதே சொல்லிவிடும். பழைய பதிப்பில் அதே ஷாட்டின் மேல் டைட்டில்கள் ஓடும், ஹென்றி மான்சினியின் இசை முழங்கும். அருமையான இசைதான், ஆனால் அந்தப் பதற்றம் கிடைக்காது.

யுரேகா நிறுவனத்தின் ‘மாஸ்டர்ஸ் ஆஃப் சினிமா’ ப்ளூ-ரேயில் 1.37, 1.85 என்று இரண்டு அகல-உயர விகிதத்திலும் படம் இருக்கிறது. கீழிருந்து எடுத்த ஷாட்களில் தலைக்கு மேல் கூரை அழுத்துவது 1.37இல் நன்றாகத் தெரியும். ஆனால் ப்ளூ-ரேக்கள் உலகப் பகுதி வாரியாகப் பூட்டப்படுவதுண்டு. இது ‘பி’ மண்டல டிஸ்க்; இந்தியா, இலங்கை ‘சி’ மண்டலம். மல்ட்டி-ரீஜன் பிளேயர் இல்லையென்றால் ஓடாது. கினோ லார்பர் நிறுவனத்தின் 4கே பெட்டியில் மூன்று பதிப்பும் தனித்தனி டிஸ்க்கில், 1.85இல். 4கே டிஸ்க்குக்கு மண்டலப் பூட்டு கிடையாது.

டிவியில் மோஷன் ஸ்மூத்திங் (அசைவை வழவழப்பாக்குவது), நாய்ஸ் ரிடக்‌ஷன் (புள்ளிகளைத் துடைப்பது) இரண்டையும் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஃபிலிமுக்கே உரிய நுண்புள்ளிகளான கிரெயின் அழிந்து முகங்கள் மெழுகாகிவிடும். இருட்டுக் காட்சி தெரியவில்லை என்று பிரைட்னஸை ஏற்றினால் கறுப்பு சாம்பலாகிவிடும். அறை விளக்கை அணைப்பதே வழி.

ஒலி மோனோ, அதாவது ஒரே தடம். ஆம்ப்ளிஃபயரில் ‘ஹால்’ போன்ற எஃபெக்ட் எதுவும் வேண்டாம். கடைசியில் பாலத்தின் மேல் குவின்லன் (வெல்ஸே நடித்த ஊழல் போலீஸ் அதிகாரி), கீழே ஒட்டுக்கேட்கும் ரிசீவரிலிருந்து தன் குரலே எதிரொலிப்பதைக் கேட்டுத்தான் சுதாரிக்கிறான். எல்லாக் குரலும் எதிரொலித்தால் அந்த இடம் பார்ப்பவருக்குப் புரியாமலே போய்விடும்.