பதினோராம் வகுப்புப் பாடத் தேர்வுக்கு ஒரு கட்டண ஆலோசனை: எங்கள் மதிப்பீடு

கலிபோர்னியாவின் விரிகுடாப் பகுதியில், பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்கு அடுத்த ஆண்டுப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் படிவம் பிப்ரவரியில் வீட்டுக்கு வந்தது. அதை நிரப்புவதற்காகத் தனியார் ஆலோசனை நிறுவனம் ஒன்றின் சேவையைக் கட்டணம் செலுத்திப் பெற்றோம். ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் கொண்ட மூன்று காணொளிச் சந்திப்புகள், எழுத்து வடிவில் ஒரு பாடத் திட்டம், இவற்றுக்கு 1,400 டாலர். நிறுவனத்தின் பெயரை நான் இங்கே குறிப்பிடவில்லை. இதே தொகுப்பை ஏறத்தாழ இதே வடிவில் விற்பவர்கள் பலர் இருப்பதால், அப்படி ஒன்றை வாங்குவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் பெற்றோருக்கு எங்கள் அனுபவம் பயன்படும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் படித்து வந்த எங்களுக்கு இந்த முடிவின் தன்மையே புதிது. நாங்கள் பத்தாம் வகுப்பை முடித்தபோது "என்ன குரூப்?" என்ற ஒரே கேள்விதான் இருந்தது, கணிதமும் உயிரியலும் சேர்ந்த பிரிவா, கணினி அறிவியலா, வணிகவியலா என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அடுத்த இரண்டு ஆண்டுகளின் பாடங்கள் அனைத்தும் தாமாகவே அமைந்துவிடும். இங்கே ஆறு பாட வேளைகளையும் மாணவரே தனித்தனியாக நிரப்ப வேண்டும். ஒவ்வொன்றிலும் சாதாரண வகுப்பு, ஹானர்ஸ் எனப்படும் சற்றுக் கடினமான வகுப்பு, ஏபி எனப்படும் கல்லூரி நிலைப் பாடம் என்று படிநிலைகள் இருக்கின்றன. அதிலும் ஜூனியர் ஆண்டு என்று சொல்லப்படும் பதினோராம் வகுப்புக்குத் தனிக் கனம் உண்டு. கல்லூரி விண்ணப்பங்கள் பன்னிரண்டாம் வகுப்பின் இலையுதிர் காலத்திலேயே அனுப்பப்படுவதால், அப்போது முழுமையாகக் கையில் இருக்கும் கடைசி மதிப்பெண்கள் பதினோராம் வகுப்பினுடையவைதாம். கலிபோர்னியா பல்கலைக்கழகம், அதாவது எல்லோரும் யூசி என்று அழைக்கும் அமைப்பு, தன் ஜிபிஏ, அதாவது சராசரி மதிப்பெண் புள்ளி, கணக்குக்குப் பத்தாம், பதினோராம் வகுப்புகளின் மதிப்பெண்களையே எடுத்துக்கொள்கிறது. தான் கேட்கும் 15 பாடங்களில் 11 பாடங்களைப் பதினோராம் வகுப்பின் முடிவுக்குள் படித்திருக்க வேண்டும் என்றும் விதித்திருக்கிறது. இத்தனையும் தெரிந்த பிறகு, யாராவது ஒருவர் அருகில் உட்கார்ந்து வழிகாட்டினால் நன்றாக இருக்கும் என்று எங்களுக்குத் தோன்றியதில் வியப்பில்லை.

முதல் சந்திப்பைப் பற்றி நல்லதாகவே சொல்ல வேண்டும். ஆலோசகர் பாடங்களைப் பற்றி எதுவும் பேசாமல், ஏழு நாளும் இருபத்து நான்கு மணி நேரமும் கட்டங்களாகப் பிரிக்கப்பட்ட ஒரு தாளை மகளுக்கு அனுப்பி, வரும் செப்டம்பரில் அவளுடைய ஒரு வாரம் எப்படி இருக்கும் என்று வண்ணம் தீட்டச் சொன்னார். மொத்தம் 168 கட்டங்கள். தூக்கத்துக்கு ஒரு நாளைக்கு எட்டு என்று 56 கட்டங்களை அவள் முதலில் நீலத்தால் நிரப்பினாள். இந்த மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளிகள் காலை 8:30க்கு முன்னால் தொடங்கக் கூடாது என்ற சட்டம் 2022 முதல் நடைமுறையில் இருப்பதால், அந்த எட்டு மணி நேரம் எட்டாக்கனி அல்ல. பள்ளிக்கு 35, சாப்பாடு, குளியல், போக்குவரத்து ஆகியவற்றுக்கு 21, அவள் கிளாரினெட் வாசிக்கும் அணிவகுப்பு இசைக்குழுவின் பயிற்சிக்கும் வெள்ளி இரவுக் கால்பந்து ஆட்டங்களுக்கும் சனிக்கிழமைப் போட்டிகளுக்கும் சேர்த்து 14, குடும்பத்துக்கும் நண்பர்களுக்கும் சும்மா இருப்பதற்கும் 12 என்று தீட்டி முடித்தபோது 30 வெள்ளைக் கட்டங்கள் மிஞ்சின. வீட்டுப்பாடத்துக்கும் தேர்வுத் தயாரிப்புக்கும் அவளிடம் இருப்பது அவ்வளவுதான். நாங்கள் ஆயிரம் முறை சொல்லியிருந்தாலும் அவளுக்கு அது அப்படிப் புலப்பட்டிருக்காது; எங்களுக்கும்தான். அந்தத் தாள் இப்போதும் எங்கள் குளிர்பதனப் பெட்டியின் கதவில் இருக்கிறது.

இரண்டாம் சந்திப்புக்கு முந்தைய நாள் பாடத் திட்டம் வந்தது. ஏபி ஆங்கில மொழி, ஏபி அமெரிக்க வரலாறு, ஏபி கால்குலஸ் பிசி (நுண்கணிதத்தின் மேல்நிலைப் பாடம்), ஏபி வேதியியல், ஏபி சுற்றுச்சூழல் அறிவியல், இவற்றோடு இசைக்குழு. அதாவது ஆறு வேளைகளில் ஐந்து ஏபி. திட்டத்தின் பின்பக்கத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் வாரத்துக்கு எத்தனை மணி நேர வீட்டு வேலை இருக்கும் என்ற மதிப்பீட்டையும் அவர்களே கொடுத்திருந்தார்கள்: முறையே 5, 7, 6, 7, 4. கூட்டினால் 29. கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வின் பயிற்சிக்கு வேறொரு தாளில் 4 மணி நேரம் எழுதியிருந்தார்கள். ஆக 33. முதல் சந்திப்பில் அவர்கள் கொடுத்த கட்டத் தாளில் இருந்தது 30. ஒரே நிறுவனம் தந்த இரண்டு தாள்களை அருகருகே வைத்துக் கூட்டிப் பார்க்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை என்பதுதான் இந்தச் சேவையைப் பற்றிய என் முதன்மையான குறை. காரணமும் பிறகு புரிந்தது. கட்டத் தாளைக் கையாண்டவர் ஒருவர். திட்டத்தைத் தயாரித்தவர், மகளை ஒருமுறைகூடப் பார்த்திராத வேறொருவர்.

அடுத்த குறை ஸ்பானிய மொழியைப் பற்றியது. இரண்டு ஆண்டுகள் முடித்துவிட்டாள், யூசி கட்டாயமாகக் கேட்பதும் இரண்டு ஆண்டுகள்தாம், ஆகவே மூன்றாம் ஆண்டை விட்டுவிட்டு அந்த வேளையில் சுற்றுச்சூழல் அறிவியலைச் சேர்க்கலாம் என்று திட்டம் சொன்னது. யூசி மூன்று ஆண்டுகளைப் பரிந்துரைக்கிறது என்பதை அது சொல்லவில்லை. அதைவிட, என் மகளுக்கு அந்த வகுப்பின் மீது இருக்கும் பிரியத்தைப் பற்றி யாரும் அவளிடம் கேட்கவில்லை. சென்ற ஆண்டு ஒரு மாலை அவள் வீட்டுப்பாடத்தோடு சமையலறைக்கு வந்து, ஸ்பானிய மொழியில் "மே குஸ்தா" என்று சொல்வது நாம் "எனக்குப் பிடிக்கும்" என்று சொல்வதைப் போலவே அமைந்திருக்கிறது என்று காட்டினாள். பிடித்த பொருள் எழுவாயாக நிற்கிறது, பிடித்தவர் "எனக்கு" என்று வேற்றுமை ஏற்று வருகிறார். "எனக்குத் தலை வலிக்கிறது" என்பதும் "மே துவேலே லா கபேசா" என்று அப்படியே வருகிறது. ஆங்கிலம் மட்டுமே தெரிந்த வகுப்புத் தோழர்கள் இந்த அமைப்பில் திணறிக்கொண்டிருந்தபோது, பாட்டியோடு தொலைபேசியில் பேசிப் பழகிய தமிழ் தனக்கு அதை எளிதாக்கிவிட்டது என்று அவள் சொன்னபோது இருந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். அந்தப் பாடத்தை விட்டுவிடச் சொல்வதற்கு வலுவான காரணம் இருக்க வேண்டும். இந்தத் திட்டத்தில் இருந்த ஒரே காரணம் ஜிபிஏ.

அந்தக் காரணமும் கணக்கில் நிற்கவில்லை. யூசி தன் ஜிபிஏவைக் கணக்கிடும்போது ஏபி, ஐபி எனப்படும் பன்னாட்டுப் பாடத்திட்டப் பாடங்கள், தான் அங்கீகரித்த ஹானர்ஸ் பாடங்கள், தனக்கு மாற்றத்தக்க கல்லூரிப் பாடங்கள் ஆகியவற்றில் சி தரம் அல்லது அதற்கு மேல் பெற்ற ஒவ்வொரு செமஸ்டருக்கும் ஒரு கூடுதல் புள்ளி தருகிறது. ஆனால் மொத்தம் எட்டு செமஸ்டர்களுக்கு மட்டுமே, அவற்றிலும் பத்தாம் வகுப்பிலிருந்து நான்குக்கு மேல் கொள்ளப்படாது. என் மகள் பத்தாம் வகுப்பில் ஏபி உலக வரலாறும், யூசியின் பட்டியலில் ஹானர்ஸ் என்று குறிக்கப்பட்டுள்ள வேதியியலும் படிக்கிறாள். ஓர் ஆண்டுப் பாடம் இரண்டு செமஸ்டர் என்பதால் அவை நான்கு செமஸ்டர்கள். பதினோராம் வகுப்பில் இரண்டு ஏபி பாடங்களை எடுத்தாலே மீதி நான்கும் நிறைந்துவிடும். மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது ஏபி பாடங்கள் இந்த வரம்புக்குட்பட்ட ஜிபிஏவில் ஒரு புள்ளியையும் சேர்க்கமாட்டா. அவற்றுக்கு மதிப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒரு மாணவர் தன் பள்ளியில் கிடைத்த கடினமான பாடங்களில் எத்தனையை எடுத்தார், அவற்றில் எப்படிச் செய்தார் என்பதையும் யூசி தனியே பார்க்கிறது. தேர்வு கடுமையான தனியார் கல்லூரிகளும் பார்க்கின்றன. ஆனால் "ஜிபிஏ உயரும்" என்று எழுத்தில் கொடுத்து, அதற்காக ஒரு மொழியை விடச் சொல்பவர்கள் இந்த விதியை அறிந்திருக்க வேண்டும். நான் கேட்ட பிறகு அவர்கள் தவறை மறுக்காமல் ஒப்புக்கொண்டு, அந்த வரியை நீக்கித் திருத்திய திட்டத்தை மூன்று நாள்களில் அனுப்பினார்கள். திருத்தத்திலும் ஐந்து ஏபி அப்படியே இருந்தது.

இந்த இடத்தில் பள்ளி கவுன்சலரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு கவுன்சலருக்கு 250 மாணவர்கள் என்பது அமெரிக்கப் பள்ளி கவுன்சலர்கள் சங்கத்தின் பரிந்துரை. எங்கள் கவுன்சலரிடம் அதைவிட மிகக் கூடுதலானோர் இருக்கிறார்கள்; மகளுக்குக் கிடைத்தது இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்தில் அவர் மூன்று காரியங்களைச் செய்தார். பொறியியலைப் பற்றி யோசிப்பதாக மகள் சொன்னதும், திட்டத்தில் இயற்பியல் எங்கே என்று கேட்டார். வேதியியலை அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் வைத்துவிட்டு இயற்பியலைப் பன்னிரண்டாம் வகுப்புக்குத் தள்ளியிருந்தார்கள் என்பதை, 1,400 டாலர் கொடுத்த நாங்களும் அதுவரை கவனித்திருக்கவில்லை. கால்குலஸ் பிசியைப் பற்றி அவளுடைய இப்போதைய கணித ஆசிரியரிடமே கேட்கும்படி சொன்னார். எல்லைகளையும் தொடர்களையும் ஒரே ஆண்டில் தாங்குவாளா என்பது அவளுடைய விடைத்தாள்களைத் திருத்துபவருக்குத்தான் தெரியும் என்றார். மாற்றுப் பாடங்களை ஏன் காலியாக விட்டிருக்கிறாய் என்றும் கேட்டார். பிப்ரவரியில் மாணவர்கள் கேட்கும் எண்ணிக்கையைக் கொண்டுதான் எந்தப் பாடத்துக்கு எத்தனை வகுப்புகள் என்று பள்ளி தீர்மானிக்கிறது. இரண்டு பாடங்கள் ஒரே வேளையில் மோதினால், மாற்றுப் பாடம் எழுதாதவருக்குப் பள்ளியே ஒன்றைப் போட்டுவிடும். கட்டணம் வாங்கிய நிறுவனம் மாற்றுப் பாடங்கள் என்ற பகுதியைத் தொடவே இல்லை.

இறுதியில் மகள் எழுதிக் கொடுத்தவை: ஏபி ஆங்கில மொழி, ஏபி அமெரிக்க வரலாறு, ஏபி கால்குலஸ் பிசி, சாதாரண இயற்பியல், ஸ்பானியம் மூன்றாம் ஆண்டு, இசைக்குழு. இயற்பியலுக்கு 3 மணி, ஸ்பானியத்துக்கு 2 மணி என்று வைத்துக்கொண்டால் வீட்டு வேலை 23 மணி நேரம், எஸ்ஏடியோடு 27. வெள்ளைக் கட்டங்களில் மூன்று மிஞ்சுகின்றன. எஸ்ஏடியை யூசி பார்ப்பதே இல்லை என்றாலும் எம்ஐடி, கால்டெக், ஸ்டான்ஃபோர்டு ஆகியவை அதை மீண்டும் கட்டாயமாக்கிவிட்டதால் அந்த நான்கு மணி நேரத்தை அவள் எடுத்துவிட விரும்பவில்லை. நேஷனல் மெரிட் என்ற கல்வி உதவித்தொகையின் தகுதிக்கான பிஎஸ்ஏடி தேர்வும் பதினோராம் வகுப்பின் அக்டோபரில்தான் வருகிறது. சுற்றுச்சூழல் அறிவியலின் மீது உண்மையிலேயே ஆசை வந்தால், கோடையில் அருகிலுள்ள சமுதாயக் கல்லூரியில் அந்தத் துறையில் ஒரு பாடம் எடுக்கலாம். உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் அங்கே பெரும்பாலும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. இந்த வழியையும் கவுன்சலர்தான் சொன்னார்.

மூன்றாம் சந்திப்பு சுருக்கமாகவே முடிந்தது. எங்கள் முடிவைச் சொன்னோம். ஆலோசகர் மரியாதையோடு கேட்டுக்கொண்டார். மிகக் கடுமையான போட்டி உள்ள கல்லூரிகளுக்கு மூன்று ஏபி குறைவாகத் தோன்றக்கூடும் என்று எச்சரித்தார். எங்கள் பள்ளியில் நிறைய ஏபி பாடங்கள் இருப்பதால் அவர் சொன்னதில் நியாயம் உண்டு, அதை நாங்கள் அறிந்தே ஏற்றுக்கொண்டோம். அவருடைய நேர்மையில் எனக்கு ஐயம் இல்லை.

மதிப்பிடச் சொன்னால் ஐந்துக்கு இரண்டரை என்பேன். அந்த இரண்டரையும் கட்டத் தாளுக்கும் முதல் ஒரு மணி நேரத்துக்கும் உரியவை. பள்ளியில் கவுன்சலரைச் சந்திக்கவே வாய்ப்பில்லாதவர்களுக்கும், பெற்றோருக்கு இந்தக் கல்வி முறை முற்றிலும் அந்நியமாக இருக்கும் குடும்பங்களுக்கும் இத்தகைய சேவை ஓரளவு உதவும். மற்றவர்கள் பணம் கட்டுவதற்கு முன்னால் யூசியின் இணையதளத்தில் உள்ள ஏ-ஜி பாடப் பட்டியலில் (யூசி கேட்கும் பாடங்களின் பட்டியல்) தங்கள் பள்ளியின் பெயரைத் தேடிப் பாருங்கள். எந்தப் பாடம் எந்தத் தேவையை நிறைவேற்றும், எது ஹானர்ஸ் என்று கொள்ளப்படும் என்பது அங்கே இலவசமாகவே இருக்கிறது. அதன் பிறகும் ஆலோசனை வேண்டும் என்று தோன்றினால் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: பாடத் திட்டத்தை எழுதப்போகிறவர் எங்கள் பிள்ளையோடு நேரில் பேசுவாரா? முதல் சந்திப்பை மட்டும் தனியாக வாங்க முடியுமா? இரண்டாவது கேள்வியை நாங்கள் கேட்டோம். தொகுப்பாக மட்டுமே தருவோம் என்று பதில் வந்தது. முதல் கேள்வியைக் கேட்க எங்களுக்கு அப்போது தெரியவில்லை.