தொழுநோய் பயாப்சிக்கு இசட்.என். போதுமா, ஃபைட் வேண்டுமா?

தோல் பயாப்சியோடு, அதாவது சோதனைக்கு வெட்டி எடுத்த தோல் துண்டோடு, வரும் ஃபாரத்தில் டாக்டர் "ஏ.எஃப்.பி. ஸ்டெயின்" (அமிலத்தில் கழுவினாலும் சாயம் விடாத கிருமியைத் தேடும் சாயம்) என்று மட்டும் எழுதியிருந்தால், பல ஆய்வகங்களில் கை தானாகவே இசட்.என். என்ற வழக்கமான சாய முறையின் பாட்டிலுக்குத்தான் போகும். காசநோய் சந்தேகம் என்றால் சரி. தொழுநோய் சந்தேகம் என்றால் அது தப்பு, ஃபைட் என்ற வேறு சாய முறை வேண்டும். திசுச் சாயம் போடும் வேலையில் இருப்பவன் என்கிற முறையில் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் "கிருமி இல்லை" என்ற ஒரு வரியை நம்பி வீட்டுக்குப் போகிறவருக்கு, மருந்து தொடங்காத ஒவ்வொரு மாதமும் கையிலோ காலிலோ உணர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கும். உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கு மேல் இந்தியாவில்தான் இருக்கிறார்கள். அதனால் இது என்றோ ஒருநாள் வரும் அபூர்வ கேஸ் இல்லை.

இசட்.என். என்பது சீல், நீல்சன் இருவர் பெயரில் நிற்கும் முறை. ராபர்ட் காக் 1882-இல் காசநோய்க் கிருமியை அறிவித்ததை ஒட்டியே உருவானது. இந்தக் குடும்பத்துக் கிருமிகளின் சுவரில் மெழுகு மாதிரி கொழுப்பு நிறைய இருக்கும், சாதாரணச் சாயம் உள்ளே போகாது. கார்பால் ஃபுக்சின் என்ற சிவப்புச் சாயத்தை ஊற்றிச் சூடு காட்டினால் போகும், போனது பிறகு அமிலம் கலந்த ஆல்கஹாலில் கழுவினாலும் வெளியே வராது. மற்றதெல்லாம் வெளுத்துவிடும். அதன் மேல் மெத்திலீன் புளூ போட்டால் நீலத் தரையில் சிவப்புக் குச்சிகள்.

தொழுநோய்க் கிருமியும் அதே குடும்பம்தான், ஆனால் சாயத்தைப் பிடித்துவைப்பதில் இளைத்தது. போதாக்குறைக்கு பயாப்சி பாரஃபின் மெழுகில் பதித்த கட்டியாக, அதாவது பிளாக் ஆகி வருகிறது. சளியை ஸ்லைடில் தேய்ப்பதுபோல நேராகச் சாயம் போட முடியாது, பாரஃபினைக் கரைக்க சைலீன், சைலீனைக் கழுவ ஆல்கஹால் என்று போக வேண்டும். பாரஃபினைக் கரைப்பது கிருமியின் கொழுப்பை மட்டும் விட்டுவைக்குமா? அதையும் கொஞ்சம் உருவிவிடும். அப்படித் தளர்ந்து நிற்கும் கிருமி மேல் அமில ஆல்கஹாலையும் ஊற்றினால், இருந்த சிவப்பும் ஓடிவிடும்.

ஃபைட்-ஃபராகோ முறை இந்த இடத்தைத்தான் மாற்றுகிறது, அதுவும் கடலை எண்ணெயால்! அடுப்படியில் இருக்கிற அதே நிலக்கடலை எண்ணெய்தான். ஒரு பங்கு எண்ணெய், இரண்டு பங்கு சைலீன் கலந்து அதில் ஸ்லைடை வைத்து பாரஃபினைக் கரைக்கிறோம். பிறகு ஆல்கஹால் பக்கமே போகாமல் ஃபில்டர் பேப்பரால் ஒற்றி எடுக்கிறோம். கண்ணாடி மேல் லேசான எண்ணெய்ப் பளபளப்பு நிற்கும். அதைத் துடைத்துச் சுத்தம் பண்ணத் தோன்றும், பண்ணக்கூடாது, அந்தப் பூச்சுதான் கிருமியின் கொழுப்புக்குக் காவல். அப்புறம் சூடு காட்டாமல் அரைமணி நேரம் கார்பால் ஃபுக்சின், வெளுக்க 5 சதவீத கந்தக அமிலம், அதுவும் தண்ணீரில் கலந்தது. மெத்திலீன் புளூ லேசாகத்தான், திக்காகப் போட்டால் ஒற்றைக் குச்சி நீலத்துக்குள் மறைந்துபோகும். கடைசியிலும் ஆல்கஹால் கிடையாது, காற்றில் உலர்த்தி மூடவேண்டியதுதான். இசட்.என்.னைவிட நேரம் கூடப் பிடிக்கும், பொறுமையும் வேண்டும். செலவு என்று பார்த்தால் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

நியாயமாகச் சொன்னால், கிருமி மண்டிக்கிடக்கும் லெப்ரோமாட்டஸ் வகையில் இசட்.என்.னிலும் ஏதோ தெரிந்துவிடும். ஆனால் ஒரே பிளாக்கில் அடுத்தடுத்து வெட்டிய இரண்டு துண்டுகளை இரண்டு முறையிலும் போட்டுப் பாருங்கள். ஃபைட்டில் நுரை நுரையாக இருக்கும் செல்லுக்குள் பீடிக்கட்டு மாதிரி சேர்ந்து கிடக்கும் சிவப்புக் குச்சிகள், இசட்.என்.னில் வெளிறிய ரோஸ் நிறத் தூசியாக நிற்கும். கிருமி குறைந்த வகையில் அந்தத் தூசியும் இருக்காது, அங்கேதான் நோயாளி நம் கையை விட்டு நழுவுகிறார்.

கண்ட்ரோல் ஸ்லைடு, அதாவது சாயம் சரியாக விழுந்ததா என்று பார்க்கக் கூடவே போடும், கிருமி இருப்பது உறுதியான ஸ்லைடு விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். நான் வேலை பார்த்த ஓர் ஆய்வகத்தில் ஃபைட்தான் போடுவோம், கண்ட்ரோலுக்கு மட்டும் காசநோய் நிணநீர்க் கணு பிளாக். ஒருமுறை வரிசையாக எல்லா ஸ்லைடும் நெகட்டிவ், கண்ட்ரோல் பளிச்சென்று சிவப்பு. சாயம் நன்றாகத்தான் இருக்கிறது என்று நானும் ரிப்போர்ட்டுக்குத் தள்ளப் பார்த்தேன். சீனியர் அக்கா வந்து, "கண்ட்ரோல் எதுலப்பா வெட்டின?" என்று கேட்டார். சொன்னேன். "காசநோய்க் கிருமி முரடு, நீ அமிலத்துல எவ்வளவு நேரம் விட்டாலும் சிவப்பாத்தான் நிக்கும். தொழுநோய் பிளாக்கை வெட்டிப் போடு" என்றார். போட்டேன், கண்ட்ரோலே வெளுத்துப்போனது. அமிலத்தில் கூடுதலாக விட்டிருக்கிறோம். எல்லாவற்றையும் திரும்பப் போட்டதில், நெகட்டிவ் என்று போகவிருந்த ஒன்றில் நரம்புக்குள் நான்கு குச்சிகள். அன்றிலிருந்து ஃபைட் என்றால் தொழுநோய்த் திசுதான் கண்ட்ரோல், இல்லையென்றால் ஸ்லைடையே தொடமாட்டேன்.

ஆரமின் என்று மூன்றாவதாக ஒன்று உண்டு, இருட்டுத் தரையில் கிருமி மஞ்சளாக ஒளிரும். இசட்.என்.னுக்கு எண்ணெய் விட்டு 100 லென்ஸில் தேட வேண்டும், இதில் 20 அல்லது 40 லென்ஸிலேயே வேகமாகத் தேடலாம். சளிப் பரிசோதனைக்கு எனக்கு இதுதான் முதல் தேர்வு. தோலுக்கு அவ்வளவு பிடிக்காது: கெரட்டின், மீள்தன்மை நார் எல்லாம் தானாகவே ஒளிர்ந்து கண்ணைக் குழப்பும், ஒளிர்வும் நாளாக நாளாக மங்கிவிடும் என்பதால் அடுத்த வருடம் ஸ்லைடை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை.

ஃபைட்டுக்கும் எல்லை உண்டு. ஒரு கிராம் திசுவில் 10,000 கிருமியாவது இருந்தால்தான் நுண்ணோக்கியில் ஒன்று கண்ணில் படும் என்பது பொதுவான கணக்கு. கிருமி குறைந்த டியூபர்குலாய்டு வகையில் அவ்வளவு இருக்காது. அங்கே எல்லாத் திசுவுக்கும் வழக்கமாகப் போடும் ஹெச் அண்ட் இ சாய ஸ்லைடில் நரம்பைச் சுற்றி வளைத்த கிரானுலோமாவும் (அழற்சி செல்கள் திரண்ட முடிச்சு), அந்த நரம்பு சிதைந்திருப்பதைக் காட்டும் எஸ்-100 சாயமும்தான் கைகொடுக்கும். காசநோய் என்றால் சாயம் ஏமாற்றினாலும் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் இருக்கிறது. தொழுநோய்க் கிருமி எந்தச் செயற்கை ஊடகத்திலும் வளராது, கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். வசதி எல்லா ஊரிலும் இல்லை. அதனால் இந்த ஸ்லைடு மேல் விழும் பாரம் அதிகம்.

டாக்டர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான், தொழுநோய் சந்தேகம் என்றால் ஃபாரத்திலேயே "ஃபைட்" என்று எழுதுங்கள், முதல் நாளே. தெரிந்தால் பிளாக்கை முதலில் வெட்டும்போதே நான்கைந்து துண்டுகளைச் சாயம் போடாமல் எடுத்துவைத்துவிடுவோம். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் பிளாக்கைத் திரும்ப மைக்ரோடோமில் (மெல்லிய துண்டு வெட்டும் கருவி) பூட்டி முகத்தைச் சமன் செய்ய வேண்டும், அதிலேயே திசு கொஞ்சம் போய்விடும். பஞ்ச் பயாப்சியே சில மில்லிமீட்டர்தான், நரம்பு அதில் ஓர் ஓரத்தில்தான் இருந்திருக்கும்.