மன்னார்குடியில் ஒரு முழம் உருக்கு

பொங்கலுக்கு முந்தின வாரம் ஊருக்குப் போய் ஐந்து வாரம் இருந்தேன். மெல்போர்னில் வீட்டு கராஜில் கத்தி செய்வது நான்கு வருடமாக எனக்குப் பொழுதுபோக்கு. இந்த முறை அத்தைக்கு ஒரு காய்கறிக் கத்தியை ஊரிலேயே, ஊர்ச் சாமானை வைத்தே செய்து தருகிறேன் என்று போனில் வாக்குக் கொடுத்திருந்தேன். புறப்படும் அன்று 1084 என்கிற, கத்திக்கு ஏற்ற ஹை கார்பன் ஸ்டீல் பட்டை ஒன்றைப் பெட்டிக்குள் வைத்தேன். அப்புறம், உருக்குக்குப் பேர்போன நாட்டுக்கு இரும்பைச் சுமந்து போவதா என்று வெளியே எடுத்துப் போட்டுவிட்டேன். அந்த வீறாப்பு எனக்கு மூன்று வாரம் செலவு வைத்தது.

மன்னார்குடியில் முதலில் ஏறிய இரும்புக் கடையில், "எம்.எஸ்.ஸா, எஸ்.எஸ்.ஸா?" என்று கேட்டார்கள். ஹை கார்பன் என்றேன். "கேட்டுக்கா, ஜன்னல் கிரில்லுக்கா சார்?" என்றார் கடைக்காரர். அவர்மேல் தப்பில்லை, ஊரில் இரும்பு வாங்குகிறவர்கள் அதற்குத்தான் வாங்குகிறார்கள். எம்.எஸ். என்கிற சாதா இரும்பில் கார்பன் கால் சதவீதம்கூடத் தேறாது. சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தாலும் கெட்டிப்படாது. கத்தி என்றால் அரை சதவீதத்துக்கு மேலாவது வேண்டும். எஸ்.எஸ். (எவர்சில்வர்) என்று அவர் காட்டியது மாடிப்படிக் கைப்பிடிக்கு ஆகும், கத்தி வாயில் கூர் நிற்காது.

திருச்சிக்குப் போன் போட்டேன். பெல் ஆலையைச் சுற்றி அத்தனை பட்டறைகள் இருக்கின்றன, அங்கே இல்லாததா? இருந்தது. இ.என்.31 என்கிற பேரிங் ஸ்டீல், ஒரு சதவீதம் கார்பன், கத்திக்கு அருமையான சரக்கு. ஆனால் எல்லாம் உருண்டைக் கம்பி. எனக்கு வேண்டியது 4 மில்லி கனத்தில் பட்டை, ஒரு முழம் நீளம். "ஃபிளாட் வராது சார். ரவுண்டுதான், முழு லெங்த்தா எடுத்துக்குங்க." முழு லெங்த் என்றால் ஏறக்குறைய ஆறு மீட்டர். அதை எடுத்துக்கொண்டு நான் கோயில் கொடிமரமா நடப்போகிறேன்?

சரி, ஆன்லைனில் போடலாம் என்று பார்த்தால் ஓ.டி.பி. மெல்போர்ன் நம்பருக்குப் போகிறது. அத்தை மகன் போனில் போட்டுப் பணம் கட்டினோம். ஒன்பதாம் நாள் கூரியரிலிருந்து அழைப்பு: "உங்க ஊருக்கு டெலிவரி கிடையாது, வந்து எடுத்துக்குங்க." போனால், அன்று காலையில்தான் திருப்பி அனுப்பினார்களாம். அந்தப் பையன் முகத்தில் வருத்தமே இல்லை. பணம் மட்டும் பன்னிரண்டு நாளில் திரும்பி வந்துவிட்டது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது.

கடைசியில் காயலான் கடைதான் கைகொடுத்தது. லாரியிலிருந்து கழற்றிய கமான் பட்டை, அதாவது பாரம் தாங்கும் ஸ்பிரிங் பட்டை, ஒரு குவியலே கிடந்தது. எடைக்கு எடை, இருநூறு ரூபாய்கூட ஆகவில்லை. ஜி-பே இல்லை என்றதும் கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வைதான் கொஞ்சம் உறுத்தியது. சில்லறைக்கு டீக்கடை வரை நடந்தேன்.

கமான் பட்டை நல்ல ஸ்டீல்தான். சிலிக்கானும் மாங்கனீசும் சேர்ந்த ஸ்பிரிங் ஸ்டீல், கார்பன் அரை சதவீதத்துக்கு மேல். நம் ஊர் அரிவாள் பாதி அதில்தான் பிறக்கிறது. சிக்கல் இரண்டு. பத்து வருடம் லோடு அடித்த பட்டைக்குள் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம், தோய்க்கும்போதுதான் தெரியும். அதோடு கனம் 10 மில்லி. கீரை நறுக்கும் கத்திக்கு அதை 3 மில்லிக்கு அடித்து இறக்க வேண்டும். அதற்கு உலை வேண்டும், சம்மட்டி வேண்டும், முக்கியமாக ஆள் வேண்டும்.

எங்கள் பக்கம் கொல்லுப்பட்டறை தேடுவது என்ன கஷ்டம் என்றுதான் நினைத்தேன். சின்ன வயதில் சம்பா அறுவடைக்கு முன்னால் கருக்கரிவாளுக்குப் பல் வெட்டும் சத்தம் வாரக்கணக்கில் கேட்கும். இப்போது பெல்ட் மெஷின் என்கிற அறுவடை இயந்திரம் வயலில் இறங்கி அரை நாளில் முடித்துவிட்டுப் போகிறது, அரிவாளுக்கு வேலை இல்லை. மூன்று ஊர் விசாரித்து ஒரு பெரியவரைப் பிடித்தேன். துருத்தி போய் ப்ளோயர் வந்திருந்தது, கரி அதே கரி.

"கத்தியா? யாருக்கு?" என்றார். அத்தைக்கு என்றேன். "ஆதார் இருக்கா?" என்றார். வேடிக்கை என்று நினைத்தேன், இல்லை. 2021 செப்டம்பரில் ரவுடி வேட்டை நடந்தபோது, அரிவாள் செய்கிறவர்களும் விற்கிறவர்களும் வாங்குகிறவர் பெயர், முகவரி, போன் நம்பர் எழுதி வைக்க வேண்டும், கேமரா மாட்ட வேண்டும் என்று தமிழ்நாடு முழுக்கப் போலீஸ் சொல்லியிருந்தது. பெரியவர் நாற்பது பக்க நோட்டை இன்னும் விடாமல் வைத்திருக்கிறார். என்னிடம் ஆதார் ஏது? "சரி தம்பி, அத்த பேரச் சொல்லு" என்று எழுதிக்கொண்டார். நோக்கம் என்ற இடத்தில் "கீரை".

அப்புறம் அவர் செய்ததைப் பார்த்தபோது என் கராஜ் எனக்கே பொம்மைக் கடை மாதிரி இருந்தது. பட்டையைக் கிரைண்டரில் ஒரு நொடி தொட்டார். பொறி பூவாகச் சிதறியது. "இது நல்ல பட்ட" என்றார். (எம்.எஸ். என்றால் பொறி நீளமாக ஓடும், பூக்காது.) அடித்து நீட்டி முடித்து, தோய்ச்சலுக்கு முன்னால் வாசலில் கோணியைத் தொங்கவிட்டு இருட்டாக்கினார். நான் கையோடு கொண்டு போன காந்தத்தை எடுத்தேன். 770 டிகிரி வாக்கில் இரும்பு காந்தத்தை விட்டுவிடும், அதற்குக் கொஞ்சம் மேலே போய்த் தோய்க்க வேண்டும் என்பது நான் படித்த பாடம். அவர் காந்தத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நிறத்தைப் பார்த்து, வாயை மட்டும் எண்ணெயில் இறக்கினார். உடனே எடுத்து ஒரு செங்கல் துண்டால் பக்கத்தைத் தேய்த்தார். முதுகில் மிச்சமிருந்த சூடு வாயை நோக்கி இறங்க, தேய்த்த இடத்தில் நிறம் மாறிக்கொண்டே வந்தது. "பழைய வைக்கோல் நெறம் வரட்டும்" என்றார். வந்ததும் மறுபடி முக்கினார். கெட்டிப்பட்ட வாய் உடையாமல் இருக்கக் கொஞ்சம் இளக்குவது இது. நான் மெல்போர்னில் ஓவனில் இரண்டு மணி நேரம் இரண்டு தடவை வைத்துச் செய்கிற வேலை.

எண்ணெய் வீட்டிலிருந்து நான் கொண்டு போனது, செக்குக் கடலை எண்ணெய். அத்தை இன்னும் அதை மன்னிக்கவில்லை.

மற்றதெல்லாம் சில்லறைத் தொல்லை. ஹார்டுவேர் கடையில் உப்புத்தாள் 220-க்கு மேல் கிடையாது. 400, 800, 1000 எல்லாம் கார் பெயிண்ட் கடையில் வாட்டர் பேப்பர் என்று கேட்டால் வரும். இதைச் சொல்ல ஒரு டிங்கரிங் பையன் தேவைப்பட்டான். அரால்டைட் பெட்டிக்கடை வரை கிடைக்கிறது. ரிவெட்டுக்குப் பித்தளைக் கம்பி தேடி நாச்சியார்கோவில் வரை போனது என் முட்டாள்தனம். அங்கே குத்துவிளக்கு வார்க்கிறார்கள், மெல்லிய கம்பியை அவர்கள் எதற்கு வைத்திருக்கப் போகிறார்கள்? திரும்பி வந்தால், பழைய கொல்லைக் கதவின் உடைந்த தாழ்ப்பாளில் நல்ல பித்தளைத் தண்டு. லேத்தில் ஐம்பது ரூபாய் கொடுத்து 6 மில்லிக்குக் கடைந்து வாங்கினேன்.

பிடிக்குப் பூவரசு. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த மரம், மாட்டுக்கொட்டகை மேல் அன்றைக்கு ஏற்றிய துண்டு அப்படியே கிடந்தது. அதைவிடக் காய்ந்த மரத்தை எந்தக் கடையும் தராது. அறுத்தபோது உள்ளே சாக்லேட் நிறம். கடலை எண்ணெய்ச் சண்டைக்கு நடுவிலும் அத்தை அதைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

கிளம்புவதற்கு நான்கு நாள் முன்பு கத்தி முடிந்தது. முருங்கைக்கீரைக் காம்பு, வாழைத்தண்டு எல்லாம் வெண்ணெயாகப் போயிற்று. அத்தை இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு அலமாரியில் துணி சுற்றி வைத்தார்கள். ஏன் அத்தை என்றேன்.

"நல்லாத்தான் இருக்கு. இதுல தேங்கா துருவ முடியாதே" என்று அரிவாள்மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள்.