ஜெய்ப்பூரின் சாய்சுவரும் ஊசித்துளையும்: எதன் விளிம்பு கூர்மை?

ஜெய்ப்பூரில் மன்னர் இரண்டாம் சவாய் ஜெய்சிங் 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் எழுப்பிய ஜந்தர் மந்தர் என்ற வானாய்வுக் கூடத்தில், சூரியனை அளக்கும் இரு வேறு வழிகள் ஒரே கட்டுமானத்தில் அமைந்துள்ளன. வெளியே இருப்பது சாம்ராட் யந்திரம் என்ற சூரியக் கடிகாரம்: ஏறத்தாழ 27 மீட்டர் உயரச் சாய்சுவரின் விளிம்பு, இருபுறமும் உள்ள வளைவுகளின்மேல் நிழல் வீழ்த்துகிறது. அந்த வளைவுகளைத் தாங்கும் பகுதிக்குள் இருட்டறையாக இருப்பது சஷ்டாம்ச யந்திரம். அங்கே சிறு துளை வழியே சூரியனின் பிம்பம் ஓர் அளவுகோலின்மேல் விழுகிறது.

சாம்ராட்டின் அளவுகோல் 2 நொடி வரை பிரிக்கப்பட்டுள்ளது. நிழல் நொடிக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் நகர்வதால் கோடுகளைப் பிரித்தறிவதில் சிரமமில்லை. சிரமம் நிழலின் விளிம்பில்தான். சூரியன் ஒளிப்புள்ளி அன்று, அரைப் பாகை அகலமுள்ள வட்டு. ஆகவே வட்டு முழுதும் மறைந்த கருநிழலுக்கும் முழு வெயிலுக்கும் நடுவே, வட்டின் ஒரு பகுதி மட்டும் தெரியும் புறநிழல் படர்கிறது. அதன் அகலம், விளிம்புக்கும் தளத்துக்கும் உள்ள தொலைவில் நூற்றில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு; 15 மீட்டருக்கு ஏறத்தாழ 14 சென்டிமீட்டர். ஒளி விளிம்பில் வளைவதே மங்கலுக்குக் காரணம் என்று சிலர் சொல்வதுண்டு; இத்தொலைவில் அவ்விளைவு சில மில்லிமீட்டரைத் தாண்டாது.

கருவியைப் பெரிதாக்கினால் துல்லியம் கூடும் என்ற எதிர்பார்ப்பு இங்கே பாதிதான் பலிக்கிறது. கோடுகளின் இடைவெளி கூடும் அதே விகிதத்தில் மங்கலும் கூடுவதால், அருகிலுள்ள லகு சாம்ராட் என்ற சிறிய சூரியக் கடிகாரத்திலும் பெரிய சாம்ராட்டிலும் புறநிழல் கடக்க ஆகும் நேரம் ஒன்றே: ஏறத்தாழ 2 நிமிடம். ஆயினும் பெரியதில் ஒரு வசதி உண்டு. மெல்லிய நூல் ஒன்றைத் தளத்தை ஒட்டிப் பிடித்தால், தொலைவு மிகக் குறைவு என்பதால் அதன் நிழல் கூர்மையாக விழும். அதைப் புறநிழலுக்குள் நகர்த்தி, எங்கே மறைகிறது என்று பார்த்துக் குறித்தால், வெறுங்கண் தடுமாறும் இடத்திலும் நம்பத்தக்க அளவீடு கிடைக்கும்.

சஷ்டாம்சத்தில் இந்தத் தந்திரம் தேவையில்லை. பிம்பத்தின் விளிம்பு மங்குவது பெரும்பாலும் துளையின் அகலத்தளவே. மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் படித்தால் சூரியனின் மையம் மட்டுமன்றி, சாய்சுவரைக் குழப்பிய அந்த அரைப் பாகை விட்டமும் கைக்கு வந்துவிடும். கூர்மையில் துளையே மேல் என்பது என் கணிப்பு. ஆனால் நாள் முழுதும் மணி பார்க்க அது உதவாது: பிம்பம் அளவுகோலைக் கடப்பது நண்பகலில் மட்டுமே, அந்தச் சில நிமிடங்களில் மேகம் மறைத்தால் அன்றைய அளவீடு போயிற்று.